எல்சி கல்யாணத்து அரிசி

1966 ஏப்ரல் 11, திங்கள்

காலையில் ரவை உப்புமாவில் கறுப்பாகக் கிடந்ததைக் கடுகு என்று சொல்லி வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டேன். "இன்னாடி டோரதி, இன்னிக்கு தாளிப்பு தூக்கலா கீதே" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஹார்பருக்குப் போனார். மாதாவே, மன்னிச்சிடு.

அவர் போன பிறகுதான் உறைத்தது. ரவை டப்பாவில் வண்டு என்றால், பக்கத்தில் நிற்கும் அரிசி ட்ரம்மில்?

அது எங்கள் அரிசி இல்லை. தவக்காலம் முழுக்க இருபது வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்த பிடியரிசி. வழக்கமாகக் கோயிலுக்குப் போகும். இந்த வருஷம் எல்சி கல்யாணத்துக்குக் கொடுங்கள் என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். எல்சியின் அப்பா லூயிஸ் போன ஐப்பசியில் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர், திரும்பவே இல்லை. அவள் அம்மா ஆலிஸ் மீன் கூடை தூக்கி எத்தனை பேருக்குச் சோறு போடுவாள்? ரேஷன் அரிசி அவரவர் வீட்டுக்கே போதவில்லை. இந்த ட்ரம் போனால் கல்யாணச் சாப்பாடு இல்லை.

27-ஆம் தேதி கல்யாணம். மூடியைத் திறக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 12

திறந்தேன். மேலேயே நாலு நடக்கிறது.

ஏப்ரல் 13

குழாயடியில் ஹில்டா நின்றாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். அவள் கொடுத்த அரிசி எப்போதும் கொஞ்சம் பழுப்பு. வாய் சும்மா இருக்குமா? "ஏன்டி ஹில்டா, உன் வூட்டு அரிசிய தூக்கினு வரவே வாணாம் போல. அதுவே நடந்து வந்துடும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பாதிக் குடத்தோடு போய்விட்டாள்.

சும்மா தமாஷ்தானே. இதுக்குப் போய்?

ஏப்ரல் 14

டோல்கேட் பக்கம் மளிகைக்கடை உசேனிடம் போனேன். அரிசியோடு பொழுது போக்குகிற மனுஷன்.

"உச்சி வெயில்ல போட்டு வறுக்காத டோரதிம்மா, அரிசி நொறுங்கிப் பூடும். காலை வெயில்ல மெல்லிசா பரப்பு, வண்டு தானா ஓடும். அப்பால சலி. நெழல்ல காஞ்ச வேப்பெல, வரமொளகா போட்டு இறுக்கி மூடு. ஆனா ஒண்ணு. எங்கேர்ந்து வர்துன்னு பாக்காம சலிச்சா, சலிச்சிகினே இருக்க வேண்டியதுதான்."

"எங்கேர்ந்துன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16, சனி

மாடியில் பரப்பி, பொறுக்கி, சலித்து — இடுப்பு விட்டுப்போயிற்று. ட்ரம்மைத் துடைத்தேன். உப்புக்காற்றில் தகரம் அடியில் துருப்பிடிக்கிறது, அதற்காகப் போட்டிருந்த சாக்கை ஒரு உதறு உதறி மறுபடி அடியில் விரித்தேன். நல்ல கெட்டிச் சாக்கு. மேலே அரிசி, வேப்பிலை, மிளகாய். முடிந்தது.

ஏப்ரல் 20

முடியவில்லை. முன்னைவிட ஜாஸ்தி. கையை விட்டால் கையிலேயே ஏறுகிறது.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஆலிஸ் வந்துவிட்டாள். மூடியைச் சாத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"அரிசிய ஒரு தபா பாத்துட்டுப் போறேன்க்கா. மாப்பிள்ள வூட்டு எண்ணூர்காரங்க கேட்டு அனுப்பிக்கிறாங்க. சோறாவது ஒழுங்கா போடுவீங்களான்னு."

"கல்யாணப் பொண்ணையும் அரிசியையும் சும்மா சும்மா பாக்கக் கூடாதுடி, கண்ணு பட்டுடும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். ஏழு நாள். ஏழே நாள். இன்னா பண்ணப் போறேன்?

ஏப்ரல் 21

வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் பூச்சிமருந்து கொண்டுவந்தார். "கோடவுன்ல இதான் தூவுறானுங்க. ஒரு பூச்சி தங்காது."

"கல்யாணத்துக்கு வர்ற சனமும் தங்காது! எட்த்துனு போயா அந்தாண்ட!" என்று கத்திவிட்டேன்.

அவருக்கும் கோபம். "அத்தினி கோதுமை மூட்டையும் கப்பல்லேர்ந்து எறங்கும்போதே பூச்சியோடதான் எறங்குது. உனுக்குக் குட்த்த சாக்குகூட அதான்."

எந்தச் சாக்கு?

அரிசி எல்லாவற்றையும் பாயில் கொட்டினேன். சாக்கை வெளியே இழுத்துத் தையலைப் பிரித்தேன். மடிப்பு பூரா கோதுமை மாவும் வண்டும். இருபது வீட்டு அரிசிக்கும் நானே மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சாக்கைக் கொளுத்தியாயிற்று. ஹில்டாவை என்ன செய்வது?

ஏப்ரல் 22

அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். சாக்கு விஷயத்தை மெதுவாகச் சொன்னேன்.

"எல்லாரும் கேக்க சொன்ன இல்ல? எல்லாரும் கேக்க சொல்லு" என்றாள்.

குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "வண்டு என் வூட்டு சாக்குலேர்ந்து வந்துது. ஹில்டா அரிசி சுத்தம்." ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஆலிஸ் இடுப்பில் குடத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹில்டாதான் வாயைத் திறந்தாள். "நின்னுகினு கீறியே. மொறத்த எட்து வா."

ஏப்ரல் 25

மூன்று நாளாக எட்டு முறம் ஓடுகிறது. ட்ரம்மைக் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து, ஒட்ட உலர்ந்த பிறகுதான் அரிசி போட்டோம். சாக்கு இல்லை. நொய்யும் உளுத்ததும் போக முக்கால்வாசி நின்றது. குறைந்ததற்கு வீட்டுக்கு ஒரு படி மறுபடி தந்தார்கள். ஹில்டாதான் முதலில்.

இன்று ஐந்து தடவை திறந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது தடவை போனதும் வீட்டுக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

ஏப்ரல் 27, புதன்

கல்யாணம் முடிந்தது. சோறு வெள்ளையாக இருந்தது. எண்ணூர்காரர்கள் மறுசோறு கேட்டு வாங்கினார்கள். ஆலிஸ் என்னிடம் காலி அண்டாவைச் சாய்த்துக் காட்டினாள்.

கேக் ஹில்டா செய்தது. இரண்டு நாளாக அவள் வீட்டு டப்பாவில் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா தன் துண்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, "இன்னாது இது, கறுப்பா?" என்றார். ஹில்டா என் முகத்தைப் பார்த்தாள்.

"திராட்சை" என்றேன்.

திராட்சை பறந்துபோய்ச் சாமியாரின் வெள்ளை அங்கியில் உட்கார்ந்தது.