வெள்ளிக்கிழமை கொடுக்காத தையல் மிஷின்

நமுனுகுல,
கீழ்ப்பிரிவு லயம்.
புதன்கிழமை.

அன்பு மகள் துஷாந்தினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஜோர்தானில் நீயும் உன்னோடு ஒரே அறையில் இருக்கும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம். மனசுக்கும் சுகம் என்று எழுதினால் பொய், அதனால் எழுதவில்லை. போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அந்தப் போனைத் தொடவே எனக்குக் கை கூசுகிறது. லுணுகலையிலிருந்து ஒரு பிள்ளை ஞாயிற்றுக்கிழமை உன் கம்பெனிக்கு வருகிறாள், அவள் கையில் இதையும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தேயிலையும் கொடுத்தனுப்புகிறேன்.

போன சனிக்கிழமை நீ ஒரு படத்தை அனுப்பி, அதன் கீழே "அம்மா, இது உண்மையா?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் பதில் போடவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி. பதுளை ஆஸ்பத்திரியில் என் கண்ணைப் பார்த்த டொக்டர் புரை விழுந்திருக்கிறது, இனித் தையல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊசியில் நூல் கோர்க்கவே அப்பாவைக் கூப்பிட வேண்டியிருந்தது, அவர் தேயிலை ஃபெக்டரியில் நின்றுவிட்டு வந்து எனக்கு நூல் கோர்ப்பாரா. மிஷின் சும்மா கிடந்து துருப்பிடிப்பதைவிட யாராவது ஒரு பிள்ளை தைக்கட்டும் என்று நினைத்தேன். உன் தங்கச்சி கௌசல்யா பதுளைக் கடையில் வேலைக்குப் போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே ஃபேஸ்புக்தான். மிஷினை இரண்டு படம் எடுத்து, விற்பனைக்கு என்று அதில் போட்டாள். நானும் சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பண்டாரவளையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் றுஷ்தி என்பவர் தன் மகள் நிப்லாவுக்கு வேண்டும் என்று கேட்டு, முற்பணமும் அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை, நாளைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். கௌசல்யா கடையில் வேலை மும்முரத்தில், வாங்க என்று போட்டுவிட்டாள். நாளைக்கு என்ன கிழமை என்று அவளும் யோசிக்கவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை நம் வீட்டிலிருந்து ஒரு பிடி உப்புக்கூட வெளியே போகாது. அன்றைக்குக் காலையில் வழக்கம்போல மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கடைசி வெள்ளி என்பதால் ஒரு பூவும் வைத்துக் கும்பிட்டேன். மூன்று மணிக்கு மழையில் ஒரு வேன் வந்து நின்றது.

அந்த மனுஷன் நல்ல மாதிரித்தான் வந்தார், அதை மறைக்கக் கூடாது. வாங்க, உட்காருங்க என்று தேத்தண்ணி கொடுத்தேன். மிஷினைத் தூக்கலாமா என்று கேட்டபோதுதான், இன்றைக்கு வெள்ளி, நாளைக்கு விடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. "கடை பூட்டுற நாள் எனக்கு இது ஒண்டுதான் தங்கச்சி, ஜும்ஆ தொழுகை முடிச்சி சோறும் திங்காம வந்திருக்கேன், மிஷினுக்கு என்ன வெள்ளிக்கிழமை" என்றார். அப்பாகூட என் காதோடு, கொடுத்துத் தொலையேன் என்றார். எனக்குக் கை வரவில்லை. இந்த மிஷினில் தைத்துத்தான் உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தேன். நீ தையல் பழகி ஜோர்தானுக்குப் போனதும் இதில்தான். பொட்டு வைத்த அன்றைக்கே அதைத் தூக்கி வெளியில் விடச் சொன்னால் நான் எப்படி விடுவேன். வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன்.

அதற்குள் றிஸ்னி என்று யாரோ ஒரு பெண், நான் கூடுதலாகத் தருகிறேன், எனக்கே தாருங்கள் என்று கௌசல்யா போட்ட படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாள். நாங்கள் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவர் தன் போனில் பார்த்திருக்கிறார். போன வருஷம் வேறு யாரோ இப்படித்தான் பேசி முடித்த சாமானை மற்றவருக்கு விற்று அவரை ஏமாற்றினார்களாம். நானும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டிவிட்டார். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, வாசலில் நின்ற என்னைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கௌசல்யா முற்பணத்தைத் திருப்பி அனுப்பினாள். ஆனால் என் படம் முந்தின நாள் பொழுது சாயும்போதே ஃபேஸ்புக்கில் போய்விட்டது. ஏமாற்றுக்காரி, கவனம் என்று தோட்டத்துப் பெயரையும் போட்டிருந்தார். அதற்குக் கீழே முகம் தெரியாத ஆட்கள் எழுதியதை கௌசல்யா எனக்கு வாசித்துக் காட்ட மறுத்தாள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். தோட்டத்து ஆட்களே இப்படித்தான் என்று ஒருவன் எழுதியிருந்தான். என்னால் ஒரு தோட்டமே பேச்சு வாங்கியது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை றுஷ்தியே போன் எடுத்தார். அவர் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் நம் ஆள், வெள்ளிக்கிழமை விஷயத்தை அவர்தான் விளக்கியிருக்கிறார். "எனக்குத் தெரியாமப் போச்சு தங்கச்சி, நான் அழிச்சிட்டேன், மத்த ஆக்கள் எடுத்துப் போட்டதை நான் என்ன செய்ய" என்றார். அந்த மனுஷன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. மிஷினை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், எந்த முகத்தோடு வருவேன் என்று போனை வைத்துவிட்டார். அவர் அழித்து நாலு நாள் கழித்துத்தான் உனக்கு அந்தப் படம் வந்து சேர்ந்திருக்கிறது. போட்டவராலேயே அழிக்க முடியாததை நான் யாரிடம் போய் அழிக்கச் சொல்வேன். மிஷினும் வீட்டில்தான் கிடக்கிறது, யாரும் கேட்பதில்லை.

நம் கதவுக்குப் பக்கத்தில் ஆணிகள் அடித்திருக்கிறதே, உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வீட்டுச் சாவியை அதில் மாட்டிவிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் வாங்கிக் கதவைத் திறக்கும். ஆறு வீட்டுச் சாவி, பதினாறு வருஷம். ஒரு வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனது கிடையாது. படம் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை இரண்டு சாவி வரவில்லை. அடுத்த நாள் இன்னும் இரண்டு. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சண்டை பிடித்திருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். வியாழக்கிழமை ஐந்தாவதும் போனது. கருப்பம்மா அக்காவிடம் போனே கிடையாது, அவள் மட்டும் மாட்டிவிட்டுப் போனாள். நேற்று அவளும் வந்து எடுத்தாள். "கூடையிலயே போட்டுக்கிட்டுப் போறேன் விஜயா, ஒனக்கு எதுக்குச் சிரமம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பேத்தி நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மழைச்சாரலில் பூட்டிய கதவுக்கு முன்னால் நாலரை மணிவரை உட்கார்ந்திருந்தது. நம் வீட்டுக்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டேன். வேண்டாம் அம்மம்மா என்றது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்பா இதெல்லாம் ஒரு மாதத்தில் மறந்துவிடும் என்கிறார். மறக்கலாம். சாவி திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீயும் அங்கே போனில் பார்த்து யாரிடமும் எதையும் வாங்காதே, விற்காதே. கண்ணைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். அந்த மாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல வாழ்வும் தருவாள். அப்பாவும் கௌசல்யாவும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நீ போகும்போது கொடுத்துவிட்டுப் போன உன் அலமாரிச் சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. நான் அலமாரியைத் திறந்து பார்த்தது கிடையாது. இப்போது அங்கே இருப்பது அது ஒன்றுதான். அதை மட்டும் கேட்டுவிடாதே மகளே.

உன் அம்மா,
மா. விஜயலெட்சுமி