எட்டுக் கட்டை தின்னும் வண்டி

மார்ச் 4, வெள்ளி

காலையிலேயே கொதிக்கும் வெயில். ஆஸ்பத்திரி. டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார்.

"பேப்பர் வேலையை விட்டா வேற என்ன செய்வீங்க?"

பிணத்தைப் பார்ப்பது, பெயரைச் சரிபார்ப்பது, தந்தி கொடுப்பது. காட்டில் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கும் இந்த அவசரகாலத்தில் கோலசிலாங்கூர் நிருபருக்கு வேறு என்ன வேலை.

"ஏதாவது விளையாட்டு வச்சுக்குங்க. மீனாவது பிடிங்க."

மீன் பிடிக்கப் பொறுமை கிடையாது. திரும்பும் வழியில் பழைய புத்தகக் கடை. ஓர் ஆங்கிலச் சஞ்சிகை. பொம்மை மோட்டார் வண்டிகள். கழுத்துப்பட்டை கட்டிய பெரிய மனிதர்கள் தரையில் மண்டியிட்டு ஓட்டுகிறார்கள். ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை. வாங்கிவிட்டேன்.

வாங்க மறந்தது: டைப்ரைட்டர் ரிப்பன், சட்டைப் பொத்தான்.

மார்ச் 6, ஞாயிறு

வழக்கம்போல் ரப்பர் தோட்டத்துக்கு. பத்தாங் பெர்ஜுந்தை ரோடு முழுக்கத் தூசி. வெள்ளைச் சட்டை போட்டது தப்பு.

கேட்டில் முனியாண்டி. போன வருடம்வரை பால்மரம் சீவியவர், இப்போது துப்பாக்கியோடு காவல். முள்கம்பி வேலிக்குள் போகிற எல்லாரையும் தடவிப் பார்ப்பார். அரிசி, மருந்து, பேட்டரி, எதுவும் அளவுக்கு மேல் உள்ளே போகக்கூடாது. அங்கிருந்து காட்டுக்குப் போய்விடும். என்னைத் தடவுவதில்லை. சல்யூட் மட்டும்.

"சார், நம்ம படம் பேப்பர்ல எப்ப வரும்?"

"வராம இருக்கிறதுதான் உனக்கு நல்லது."

சிரித்தார்.

சிவலிங்கம் வீட்டில் சாப்பாடு. தோட்டத்துக் கணக்கும் ஆள்பேரும் பார்க்கிற கிராணி, என் மனைவிக்குத் தம்பி. அவள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கேதான் இலை. சுங்கை செம்பிலாங் இறால், அவன் மனைவி பார்வதியின் கைப்பக்குவம்.

சஞ்சிகையைக் காட்டினேன். மூன்று வகை. ஒன்று, சாவி முறுக்கி விடுவது. இரண்டு, வண்டிக்கும் கைக்கும் நடுவே கம்பி; இரண்டு பேட்டரிக் கட்டை போதும். மூன்று, கம்பியே கிடையாது, ரேடியோ அலை. வண்டிக்கு நான்கு கட்டை, கைப்பெட்டிக்கு நான்கு.

சி.: "கம்பி வச்சதே போதும் அத்தான். பழகுற வண்டிதானே. சொவத்துல முட்டுனாலும் நட்டமில்ல."

பா.: "நாயைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். ரேடியோ வச்சதே வாங்குங்கண்ணே."

சி.: "எட்டுக் கட்டை திங்கும்டி அது. ஆனை வளக்கலாம்."

பா.: "அண்ணனுக்கென்ன, டவுன்ல கெடைக்கும் லா. நம்ம கடை மாதிரியா, பழசைக் குடுத்தாத்தான் புதுசு?"

கம்பி வைத்த வண்டி பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 12, சனி

கிள்ளான். காசிம் நானாவின் ரேடியோ கடை. படத்தில் இருந்த வண்டியே கண்ணாடிக்குள். சிவப்பு. விலையைக் கேட்டதும் டாக்டரை நினைத்துக்கொண்டேன்.

நானா நல்ல வியாபாரி இல்லை. வாங்காதே என்றுதான் சொன்னார். "மொதல்ல கம்பி வண்டி வாங்கி ஓட்டிப் பழகுங்க. இது சாமி எறங்குற சாமான். மழை நாள்ல தானா ஓடும். மின்னல் வெட்டுனாலே இதுக்கு உத்தரவு வந்த மாதிரி."

கேட்கவில்லை.

ஓட்டும் முறை: பொத்தான் ஒன்றே ஒன்று. ஓர் அழுத்தம் இடப்பக்கம், அடுத்தது நேர், அதற்கடுத்தது வலம். எங்கே இருக்கிறோம் என்பதை நாமே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடை வாசலில் மறந்தேன். ஒரு மீன்காரம்மாவின் கூடையில் போய் முட்டியது.

போலீஸ் நிலையத்தில் ஒரு கடிதம் வாங்கினேன். 'மேற்படி நிருபரின் பொம்மை வண்டியும் அதிலுள்ள பேட்டரிகளும் அனுமதிக்கப்படலாம்.' அதிகாரி கையெழுத்துப் போடும்போதே சிரித்தார்.

மார்ச் 13, ஞாயிறு

முதல் ஓட்டம், கிராணி வீட்டு முற்றத்தில். முனியாண்டி கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பெட்டியைத் திறக்கவில்லை.

லயத்துத் தொழிலாளர்கள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். வண்டி நேராகப் போய், திரும்பி, கோழியைத் துரத்தி, சாக்கடையில். கைதட்டல். ஒரு பெரியவர்: "ஆளே இல்லாம ஓடுது, சம்பளமும் கேக்காது. தொரைக்குத் தெரிஞ்சா நம்மள வெரட்டிப்புடுவான்." எத்தனை மாதமாயிற்று இப்படிச் சிரித்து.

நாலு மணிக்கு இடி. நானா சொன்னபடியே வண்டி தானாக ஒரு குலுங்கு குலுங்கியது. பா. பயந்து கத்தினாள். பிறகு அவளே எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தாள். நான் அரைமணி தூங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஓட்டினால் வண்டி அசையவில்லை. சாக்கடைத் தண்ணீர்தான் காரணமாக இருக்க வேண்டும். பழசைப் பார்க்காமலே வீசிவிட்டுப் புதுக் கட்டை போட்டேன். ஓடியது.

மார்ச் 20, ஞாயிறு

மறுபடியும் தோட்டம். இன்றைக்குச் சாக்கடைப் பக்கமே விடவில்லை. எட்டுப் போட ஓரளவு வந்துவிட்டது. சி.யும் ஓட்டினான், என்னைவிட நன்றாக. பொறாமை.

சாப்பாடு, தூக்கம், காப்பி. வீட்டுக்கு வந்தால் வண்டி மறுபடியும் பிணம். கைப்பெட்டியும். பத்து நிமிட ஓட்டத்துக்கு எட்டுக் கட்டையா? நானாவிடம் சண்டை போட வேண்டும்.

மார்ச் 22, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கிள்ளான். நானா வண்டியைக் கவிழ்த்து மூடியைத் திறந்தார். கட்டைகளை வெளியே எடுத்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு:

"இது எங்க கடைச் சாமான் இல்லையே. எங்க வாங்குனீங்க?"

ஒவ்வொன்றின் தலையிலும் பச்சைச் சாயத்தில் ஒரு பொட்டு.

தோட்டத்துக் கடையில் விற்கிற ஒவ்வொரு கட்டைக்கும் பச்சைப் பொட்டு வைக்க வேண்டும் என்பது போலீஸ் உத்தரவு. அந்த உத்தரவைப் பேப்பரில் போட்டதே நான்தான். நான் நானாவிடம் வாங்கிப் போட்டவை பொட்டில்லாத புதுக் கட்டைகள். இப்போது வண்டிக்குள் இருப்பவை தோட்டத்தில் எரிந்து தீர்ந்த பழசு. யாரோ மாற்றியிருக்கிறார்கள். இரண்டு ஞாயிறும்.

அதாவது, போலீஸ் கடிதத்தைக் காட்டி, சல்யூட் வாங்கிக்கொண்டு, வேலிக்குள் பேட்டரி கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

நானா கட்டைகளை ஒரு காகிதத்தில் சுருட்டி என் கையில் திணித்தார். "நான் ஒண்ணும் பாக்கல. நீங்களும் என் கடைக்கு வரல." விளக்கை அணைத்தார். பட்டப்பகலில்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை. தலையாட்டினேன்.

மார்ச் 23, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

சி. ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். வெறுங்கையோடு. பா. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் இரண்டு பச்சைப் பொட்டுக் கட்டைகளை வைத்தேன்.

மறுப்பாள் என்று நினைத்தேன்.

"நான்தாண்ணே" என்றாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

கேட்டேன். ஏன் என்றுதான்.

"போன வருசம் கீழ் டிவிசன் கிராணியக் காட்டுக்காரங்க என்ன செஞ்சாங்க? காலையில பெரட்டுல நின்னு ஆளுங்க பேரு கூப்புட்டுக்கிட்டு இருந்த மனுசன, அவரு பேரச் சொல்லிக் கூப்புட்டுல்ல சுட்டாங்க? நீங்கதானே எழுதுனீங்க. அடுத்தது உன் வீட்டுக்காரன்னு சொல்லி அனுப்புனாங்க. அரிசி கேட்டாங்க. அரிசி எப்பிடிக் குடுப்பேன், தினம் கேட்ல தடவுறானே? அப்ப பேட்டரி குடுன்னாங்க. நான் எங்க போவேன்? நீங்க அந்தப் படத்தைக் கொண்டாந்தீங்க."

"சிவாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அடுத்த நிமிசம் போலீஸ் ஸ்டேசன் மாத்தாகிட்ட ஓடுவாரு. மறுநாப் பெரட்டுல பொணம். கேக்காதீங்கண்ணே, யாரு வந்து வாங்கிட்டுப் போறாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. கேள்வி கேட்டே பிழைத்தவன்.

பிடிபட்டால் அவளுக்குத் தூக்கு வரைக்கும் போகலாம். நிறுத்தினால் சி.க்குக் குண்டு. ஒரே வழி, இரண்டு பேரும் தோட்டத்தைவிட்டு வெளியே வர வேண்டும். எனக்கு நெஞ்சுவலி, உடனே வா என்று சி.க்குச் சொல்லச் சொன்னேன். டாக்டர் எப்படியும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

மார்ச் 24, வியாழன்

இருவரும் வந்துவிட்டார்கள், கோலசிலாங்கூருக்கு. சி. என் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். கஞ்சி ஊட்டப் பார்த்தான். "இந்த எழவு பேப்பர் வேலைய விட்டுத் தொலைங்க அத்தான்." கண்ணில் தண்ணீர். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது.

மார்ச் 25, வெள்ளி

நாளைப் பெரட்டுக்குத் தான் நிற்க வேண்டும் என்று சி. சட்டையை மாட்டிக்கொண்டான். பா. கதவை மறித்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஒங்களுக்கு நெஞ்சுவலி இல்லியா?"

"இல்லை."

"அப்ப சரி" என்றான். எது சரி என்று தெரியவில்லை. சட்டையைக் கழற்றினான், மறுபடியும் போட்டான், மறுபடியும் கழற்றினான். சாயங்காலம்வரை அவ்வளவுதான்.

மார்ச் 26, சனி

போலீஸ் நிலையத்தில் நிருபர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மேசைமேல் ஒரு ரப்பர்பால் வாளி. வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியில் கிடைத்ததாம். மெழுகுத் துணியில் சுற்றிய பேட்டரிக் கட்டைகள். பச்சைப் பொட்டு இல்லை.

பினாங்கிலிருந்து வந்த இளம் நிருபர்தான் கேட்டார், நான் கேட்டிருக்க வேண்டியதை: "உள்ளே எப்படி வந்தது?"

"கேட் வழியாகத்தான். காவலில் நின்றவனைப் பிடித்துவிட்டோம். காசு வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறான்."

முனியாண்டி.

என் கை அந்தப் பெயரை எழுதியது. எழுத்து பிசகவில்லை. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

செய்தி அனுப்பவில்லை. முதல் தடவை.

மார்ச் 27, ஞாயிறு

சி.யையும் பா.வையும் பஸ் ஏற்றிவிட்டேன். வடக்கே அவள் அக்காள் வீட்டுக்கு. துரைக்கு ராஜினாமாக் கடிதம் தபாலில். நாளை என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன்.

பா.: "என் பேரைச் சொல்லிருங்கண்ணே. அந்த ஆளு பாவம்."

சி.: "வாய மூடு." பிறகு என்னிடம், மிக மெதுவாக: "சொல்லாதீங்க அத்தான்."

பஸ் நகரும்வரை இரண்டு பேரும் என்னையேதான் பார்த்தார்கள்.

இந்தப் பக்கங்களை எழுதி முடித்ததும் அடுப்பில் போட வேண்டும்.

மார்ச் 28, திங்கள்

சவரம். நல்ல சட்டை. வண்டிப் பெட்டியோடு நிலையத்துக்குப் போனேன்.

அதிகாரியிடம் சொன்னது: பொட்டில்லாத கட்டைகள் என்னுடையவை. உங்கள் கடிதத்தின்பேரில் நான் கொண்டுபோனவை. முனியாண்டி உங்கள் கடிதத்துக்குத்தான் கீழ்ப்படிந்தார். கிராணி வீட்டு முற்றத்தில் வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்கினேன், யாரோ மாற்றிவிட்டார்கள். யார் என்று தெரியாது.

தன் கையெழுத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"கிராணி எங்கே?"

"வேலையை விட்டுவிட்டார். கீழ் டிவிஷனில் நடந்ததற்குப் பிறகு எந்தக் கிராணி இருப்பான்?"

பெட்டிக்குள் இருந்த சஞ்சிகையைப் புரட்டினார். அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது.

"இங்கே மூன்று வகை இருக்கிறது. நீங்கள் புதிதாகப் பழகுகிறவர். எட்டுக் கட்டை வேண்டிய வண்டியை ஏன் எடுத்தீர்கள்? யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. அழகாக இருந்தது."

நம்பினாரா தெரியவில்லை. நம்பினால் அவருடைய கையெழுத்துக்கும் நல்லது. என் நிருபர் அட்டையை மேசைமேல் வைக்கச் சொன்னார். வண்டியும் அங்கேயே. ஊரைவிட்டுப் போகக்கூடாது. முனியாண்டியை விட்டுவிடலாம், கொண்டுவாருங்கள் என்றார்.

வந்தார். இடது கண் மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை பாதிவரை மேலே எழுந்தது, சல்யூட்டுக்கு. தோள் ஒத்துழைக்கவில்லை.

எதிர்ச் சாரிக் கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"நீங்கதான் பேசி எடுத்தீங்களாமே சார். பொஞ்சாதிகிட்ட சொல்றேன், ஒங்களுக்குப் பூசை போடச் சொல்லி. ஒண்ணுதான் சார் எனக்கு வெளங்கல. அடிக்கிறப்பல்லாம் அதையேதான் கேட்டானுங்க, நானும் அதையேதான் யோசிச்சேன். ஒருத்தரு விடாம தடவித்தானே விட்டேன்? எப்பிடி சார் உள்ள வந்துச்சு?"

"என் வண்டியில்" என்றேன்.

நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார். கோப்பையில் பாதி இருந்தது. அதை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்.