புக்கிங்கில் ஒரு பிள்ளை

ஹில்மிட வாப்பா,

நீங்க கடையத் தொறந்துட்டு வர முந்தியே நானும் சின்னவள் நுஹாவும் ஹில்மியும் நீங்க புக் பண்ணின விளையாட்டு பார்க்குக்குப் போறோம். கார் சாவி என்கிட்ட. சோறும் கோழிக்கறியும் அடுப்பு மேல இருக்கு. ஹில்மியப் பாத்துக்க அக்குறணையிலிருந்து மாமி வர வேணாம், போன்ல கோல் எடுத்துச் சொல்லிடுங்க.

ஹில்மியப் போல வீல்செயார்ல இருக்கிற பிள்ளைய உள்ள எடுக்க மாட்டாங்க என்டு நீங்கதானே சொன்னீங்க. நான் நம்பி, அழுத பிள்ளைக்கும் அதையே சொன்னேன். அந்தப் பொய்ய என் வாயாலேயே சொல்ல வெச்சிட்டீங்க.

சாப்பாடு விஷயமா நேத்து நான் பார்க்குக்குக் கோல் எடுத்தேன். நீங்க புக் பண்ணின தனி கைடே வீல்செயாரத் தள்ளிட்டுப் போவாராம், வரிசையில நிக்கவும் தேவையில்லையாம். நீங்க கேக்கவே இல்லையாம். பிள்ளைகள் எத்தனை பேர் என்ட இடத்துல ஒன்டு என்டு போட்டிருக்கீங்க.

நான் அத ரெண்டாக்கினேன். பெரியவங்க ரெண்டு பேர ஒன்டாக்கினேன்.

நுஹாட தொப்பி கெடைக்கல்ல. கண்டா எடுத்து வைங்க.

இன்னொன்டு. மேல 'ஹில்மிட வாப்பா' என்டு எழுதினது அவன் பொறந்ததிலிருந்து வந்த பதினொரு வருஷப் பழக்கத்துல. கிழிச்சுட்டு வேற எழுத நேரமில்ல.