காலி என்றால் பூஜ்யம்

6 நவம்பர் 1978, திங்கள்

குளிர் இறங்கிவிட்டது. ஸ்வெட்டர்களை டிரங்கிலிருந்து எடுத்து மாடியில் உதறிப் போட்டேன். பூச்சி உருண்டை நாற்றம் இன்னும் கையில். ரேஷனில் சர்க்கரை இல்லை. பால் டோக்கன், மறக்கக்கூடாது.

சர்வே கார்டுகள் ஐந்து பெட்டி. யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தோம், நானும் கார்டு பஞ்ச் பண்ணும் மீனாவும். மூன்று புதுக் காலனிகள். ஒரு வயதுக்குள் இறந்த குழந்தை எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டது. எங்கே அதிகமோ அங்கே தாய்-சேய் மருத்துவ நிலையம். ஒன்றே ஒன்று.

நிபந்தனை எழுதியது நான். இறப்பு பூஜ்யம் என்றால் குழு ஒன்று. பூஜ்யத்துக்கு மேல் என்றால் குழு இரண்டு. நிபந்தனைக்கு ஒன்றாக இரண்டே இஃப் கார்டு. ஆறு வாரம் டிரெயினிங் போய் இந்தக் கம்ப்யூட்டர் மொழியைக் கற்றதற்கு முதல் உருப்படியான வேலை.

8, புதன்

பிரின்ட் வந்தது. யமுனைக்கு அந்தப் பக்கத்துக் காலனியில்தான் இறப்பு மிகக் குறைவாம். எங்கள் பிரிவு அதிகாரி சக்சேனா சாருக்குச் சந்தோஷம், உடனே டைப்புக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கே கைப்பம்பில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று வீடு வீடாக ஃபார்ம் நிரப்பப் போன கமலாவே சொல்லியிருக்கிறாள். அங்கே எப்படிக் குறையும்?

9, வியாழன்

ஸ்டோர் ரூமில் ஃபார்ம் கட்டுகளை இறக்கிப் பார்த்தேன். தூசி, தும்மல். அந்தக் காலனி ஃபார்ம்களில் பாதிக்கு மேல் இறந்த குழந்தை எத்தனை என்ற கட்டம் காலி. கமலாவைக் கேட்டேன். கேள்வி கேட்கும்போது மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம். சிலர் அழுதார்களாம். இவள் வற்புறுத்தாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

மீனா இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். அவளிடமும் கேட்டேன். "காலியா இருந்தா ஸ்பேஸ் அடிச்சுட்டு ஆகே, அடுத்த கட்டத்துக்கு, போயிடுவேன் அக்கா. நீங்கதானே அப்படிச் சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். காலிக் கட்டத்தை மெஷின் பூஜ்யம் என்று படிக்கும். பூஜ்யம் என்றால் குழு ஒன்று. வாய் வராத அம்மாக்கள் எல்லாரும், ஒரு குழந்தையும் சாகாத அம்மாக்கள் ஆகிவிட்டார்கள். மெஷின் மேல் தப்பில்லை. என் கார்டு.

என்னிடம் ஃபார்மை நீட்டினாலும் அந்தக் கட்டத்தில் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பத்து நாள் இருந்தான். பதினோராம் நாள் பேர் வைப்பதாக இருந்தோம்.

10, வெள்ளி

புதுக் கார்டுகள் நான்கு. காலியை முதலில் ஒன்பது ஆக்கு. ஒன்பது என்றால் குழு மூன்று, 'பதில் இல்லை'. நிஜமான பூஜ்யம் என்றால் குழு ஒன்று. ஒன்றிலிருந்து எட்டுக்குள் என்றால் மட்டும் குழு இரண்டு. ஓட்டக் கொடுத்தால் ஒரு பிராக்கெட் மூடவில்லை என்று மெஷின் திருப்பி எறிந்துவிட்டது. ஒரு நாள் போச்சு. நாளை மறுபடி.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். தலைவலி.

13, திங்கள்

சரியான பிரின்ட். பதில் சொன்னவர்களை மட்டும் பார்த்தால் மூன்று காலனிகளில் யமுனைக்கு அந்தப் பக்கத்தில்தான் இறப்பு அதிகம்.

சக்சேனா சாரிடம் கொண்டுபோனேன். கோபிக்கவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையே மேலே போய்விட்டதாம். வாய் திறந்து சொல்லாததை எப்படி எண்ணுவது என்று ஹிந்தியில் கேட்டார். எண்ணத்தானே எண்ணியிருக்கிறோம் சார், பூஜ்யமாக, என்றேன். ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கோப்புக்கு அடியில் வைத்தார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "எழுதிக் குடுத்துட்டியோன்னோ? அதுக்கு மேல நாம என்ன பண்ண முடியும்?" என்றார். அப்புறம் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்தப் பத்து நாளைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே கிடையாது.

27, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. மருத்துவ நிலையம் வேறு காலனிக்கு. அவர்களுக்கும் அது தேவைதான், வயிறெரியக்கூட முடியவில்லை. கோப்பை வாங்கிப் புரட்டினேன். என் குறிப்பு அதில் இல்லை.

ஸ்வெட்டர் பின்னல், இடது கை பாக்கி.

5 டிசம்பர், செவ்வாய்

கமலா வேறு வேலையாக அந்தக் காலனிக்குப் போயிருக்கிறாள். அன்றைக்கு அழுத பெண் ஒருத்தி இவளை அடையாளம் கண்டு, பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே வந்து, "இரண்டு. எழுதிக்கொள்" என்றாளாம். ஒன்று பையன், ஒன்று பெண்.

கமலா என் மேஜைக்கு வந்து நின்றாள். "தீதி, இதை எங்கே எழுதுவது?" என்றாள்.

ஃபார்ம் எல்லாம் கட்டி, சீல் வைத்து, ரெகார்டு ரூமுக்குப் போயாகிவிட்டது. அப்புறம் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

8, வெள்ளி

பனிமூட்டம். பஸ் முக்கால் மணி லேட்.

அடுத்த வருஷமும் இதே சர்வே உண்டு. இந்த வருஷத்தோடு ஒப்பிட வேண்டும், அதனால் புரோகிராமில் எதையும் மாற்றக்கூடாது என்று சக்சேனா சார் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். கார்டுக் கட்டைப் பிரித்தேன். புதுசு நான்கையும் உருவினேன். பழைய இரண்டையும் அதனதன் இடத்தில் சொருகினேன். மீனா ரப்பர் பேண்ட் போட்டாள்.