சோபாவில் உட்கார்ந்திருக்கும் சப்வூஃபர்

உங்கள் இடத்தில் சப்வூஃபர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். நான்தான் தூக்கி வைத்தேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, முதலில் சாப்பிடுங்கள்.

உங்கள் சின்ன ஸ்பீக்கர்கள் நூற்றிருபது ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. நீங்களோ அடிநாதம் எழுப்புகிற சப்வூஃபரை எண்பதுக்கு மேல் ஏறாமல் நிறுத்தியிருந்தீர்கள். இடையில் இருக்கிற ஓசையை யார் எழுப்புவது, பக்கத்து வீட்டுக்காரரா? போன வாரமே அதன் குமிழை நூற்றிருபதுக்குத் திருப்பிவிட்டேன். மறுநாள் நீங்கள், "பாத்தியா, என் செட்டிங் எப்படி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டீர்கள்.

நேற்று, சப்வூஃபரை மூலையில் வைத்தால் இரைகிறது என்றேன். "உனக்குக் காதே இல்ல" என்றீர்கள். நாள் முழுக்க அடுத்தவர் காதைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவளிடம்.

ஆகவே பாட்டைப் போட்டுவிட்டு, அறை முழுக்கத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே சத்தம் சீராக இருக்கிறதோ, அங்கேதான் சப்வூஃபரை வைக்க வேண்டும்; அப்போதுதான் சோபாவில் உட்கார்ந்தாலும் அதே சீரோடு கேட்கும்.

நாலு மணிக்கு என் அண்ணன் வருகிறான். சாவி அவனிடமே இருக்கிறது, பெல் அடிக்க மாட்டான். அதற்குள் முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காதில்லாதவள்

பி.கு.: தவழ மாட்டேன் என்று அடம் பிடிப்பீர்கள், தெரியும். சரியான இடத்தில் சாக்பீஸால் குறி போட்டிருக்கிறேன். மேஜைக்கு அடியில். மண்டியிட்டால்தான் தெரியும்.