அக்காவின் மூன்று நாள் பட்டினி

என் திருட்டு அக்காவுக்கு,

இன்று உன் வருஷ திவசம். காலையில் மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைத்தேன். ஓரத்தில் நீ உயிரை விடும் பனிக்கால வெல்லச் சந்தேஷ் மிட்டாய் ஒன்றையும் வைத்தேன். எங்கள் டாக்குரியாத் தெருக் காகம் சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்தேஷைத் தூக்கிக்கொண்டு போனது. "மதினியேதான்" என்று என் மனைவி சாந்தா சிரித்தாள். நானும் சிரித்தேன். உனக்குக் கொடுக்காததைக் காகத்துக்குக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற தம்பி உனக்கு வாய்த்திருக்கிறான்.

உன் படத்துக்கு முன்னால் ஐந்து தட்டு இனிப்பு இருக்கிறது. எதிர்வீட்டு வங்காளத்து அண்ணி மிட்டு பௌதி மட்டும் இரண்டு தட்டு கொண்டுவந்தாள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசுகிறார்கள். "பாவம், வாயைக் கட்டத் தெரியல. சீனிதான் கொண்டுபோயிட்டு." நான் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. கிடர்பூர் துறைமுக ஆபீஸில் இருந்தவரை பஸ்ஸுக்கு ஓடினாய், மூன்று மாடி ஏறினாய், தின்றதெல்லாம் கரைந்தது. ஓய்வுபெற்றதும் கால் நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை. மதியம் குவித்து வைத்த சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, நாலு மணிவரை உறக்கம். ஏரியைச் சுற்றி நடக்கப்போகிறேன் என்று கிளம்பி மிட்டாய்க்கடை வழியாகத் திரும்புவாய். முந்தானையில் பாகு சொட்டியிருக்கும். கேட்டால், "வேர்வைதாம்ல அது" என்பாய்.

உன் பெரிய திருட்டு அதுவல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை வரும். அதற்கு முந்தின மூன்று நாள் மட்டும் வெள்ளரிக்காயும் நீர்மோருமாகப் பட்டினி கிடப்பாய். சர்க்கரை அளவு சமர்த்தாக இறங்கியிருக்கும். டாக்டர் "வெரி குட்" என்பார். அன்றைக்குச் சாயங்காலமே ரசகுல்லா. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா அக்கா?

நான்தான் டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையை அவர் எழுதினார், உன் குட்டு உடைந்தது. மாத்திரையைக் கூட்டினார். "இதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் தவறவிடக் கூடாது, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்" என்றும் சொன்னார். இரண்டு பேரும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே ஃப்ரிட்ஜுக்கும் சமையலறை அலமாரிக்கும் பூட்டுப் போட்டேன். சாவி என் சட்டைப் பையில். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இன்றைக்காவது ஒப்புக்கொள்கிறேன். சின்ன வயதில் என் மார்க் அட்டையை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டியவள் நீ. உன் ரத்தத்தின் மார்க்கை நான் விருந்தாளிகளுக்குப் படித்துக் காட்டினேன். "இது எங்க வீட்டுச் சீனி மூட்டை" என்று உன்னை அறிமுகம் செய்தேன். நீ சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாய். உள்ளே போய் என்ன செய்தாய் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

நீ நடிக்கவும் செய்தாய். கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது, ஒரு கரண்டி சீனி கொடு என்று இரண்டு தடவை படுத்துக்கொண்டாய். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இருநூற்று அறுபது. மூன்றாவது தடவை நான் குத்திப் பார்க்கவில்லை.

அது ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பரிசோதனை. வெள்ளிக்கிழமையிலிருந்தே நீ வழக்கம்போல உன் தட்டை மிட்டு பௌதியின் நாய்க்குத் தள்ளிவிட்டிருந்தாய். சராசரியை மூன்று நாளில் ஏமாற்ற முடியாது என்று சொல்லியிருந்தேன், நீ நம்பவில்லை. ஆனால் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாய். வேறு வழி? விழுங்கும்வரை நான் எதிரில் நின்றேனே. மாத்திரைக்குக் காவல் நின்றவன் தட்டுக்கு நிற்கவில்லை.

பதினொரு மணி இருக்கும். சாந்தா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீ சுவரைப் பிடித்தபடி வந்தாய். அந்தக் குளிரிலும் ரவிக்கை நனைந்திருந்தது.

"ஏல தம்பி, ஒரு கரண்டி சீனி தால."

"நடிப்பு நல்லாருக்கு. பூஜைப் பந்தல் நாடகத்துல சேத்துவிடுதேன்."

"நெஜமாத்தாம்ல. கண்ணு இருட்டுது."

நான் பக்கத்தைத் திருப்பினேன். நீ ஃப்ரிட்ஜ் பக்கம் போனாய். பூட்டை இரண்டு தடவை இழுக்கும் சத்தம் கேட்டது. "சாவி" என்றாய். கொஞ்சம் கழித்து, "சாவி தாங்கப்பா" என்றாய். என்னை அப்பா என்று நினைத்துக் கெஞ்சியிருக்கிறாய். அதற்கும் சிரித்தேன். பிறகு நீ விழுந்த சத்தம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை வெறும் இருபத்தெட்டு. நாலு நாள் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டாய். ஒரு சின்ன வயது டாக்டர் கேட்டாள், "விழறதுக்கு முன்னாடி அவங்க இனிப்பு எதுவும் கேட்கலையா?" இல்லை என்றேன். வெளியே வந்து சொந்தக்காரர்களிடம், "திருட்டுத்தனமா தின்னு தின்னே போயிட்டா" என்றேன். எல்லாரும் உடனே நம்பினார்கள். நம்புகிற மாதிரிதானே நீயும் வாழ்ந்திருந்தாய்.

போன மாதம் எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. எனக்கும் அதே மாத்திரைதான். சாந்தா மணி பார்த்துச் சாப்பாடு போடுகிறாள், சாயங்காலம் ஏரிக்கரைக்குத் துரத்துகிறாள், சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்துவிடுகிறாள். ஃப்ரிட்ஜில் இப்போது பூட்டு இல்லை. எனக்கு மயக்கம் வந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். உனக்கு ஏன் அப்படி ஒருவர் இல்லாமல் போனார்?

பந்தி ஆரம்பிக்கப் போகிறது. யாராவது பாயசத்தை ஊற்றிக்கொண்டே உன் வாயைப் பற்றிப் பேசத்தான் போகிறார்கள். அப்போது எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன். அவள் தின்று சாகவில்லை, மூன்று நாள் பட்டினி கிடந்து, கேட்டும் கிடைக்காமல் செத்தாள் என்று. காகத்துக்கு வைத்த சந்தேஷை நம்பாதே. இந்தத் தடவை என்னை நம்பு.

சாவியை வைத்திருந்த
உன் தம்பி