வலி போன பிறகு உன் அப்பா

யாரம்,
மே மாதம், ஞாயிறு காலை.

அன்பு மகள் ராஸ்லினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் நலம். மாடுகளும் நலம், கறவையை நிறுத்தும் காலம் என்பதால் வேலை குறைவு, சேறுதான் முழங்கால் வரை. உன் அப்பா மூன்று மாதமாக ரொம்ப ரொம்ப நலமாக இருந்தார், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே. போனில் நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறார் என்று நான் சொன்னதில் பொய் இல்லை. எந்த மாதிரி நன்றாக என்பதைத்தான் சொல்ல முடியவில்லை, போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, உடம்பில் எது கெட்டாலும் அந்தக் காது கெடவில்லை.

ஜனவரியில் அவர் உன்னைக் கூப்பிட்டு அழுதாரே, அது கணையத்துக் கட்டி முதுகுவரை குடைந்துகொண்டிருந்த சமயம். மார்ஃபினைக் கூட்டிக்கொண்டே போனார்கள், வலி குறையவில்லை, தூக்கமும் மலச்சிக்கலும்தான் கூடின. ஆனால் ஒன்று சொல்கிறேன், கல்யாணமாகி முதல் தடவையாக எனக்கு நல்ல புருஷன் கிடைத்தது அப்போதுதான். தண்ணீர் கொடுத்தால் கையைப் பிடித்து நன்றி சொல்வார். தேவாலயத்திலிருந்து பெரில் அவரைப் பார்க்க வந்தால் தலையணையை நகர்த்தி உட்காரச் சொல்வார். அப்படி இருந்த மனுஷன்தான் உன்னிடம், "குட்டைப் பக்கத்து கேட்டைத் தெறந்து போட்டது நான்தான் கண்ணு, நீ இல்ல, தம்பி குட்டையில விழுந்து போனதுக்கு நான்தான் காரணம், என்னை மன்னிச்சிடு" என்று சொன்னது. பத்து வயதிலிருந்து உன் முகத்துக்கு நேரே, ஊர் முன்னால், உன் கல்யாண விருந்தில்கூட, தம்பி காலினைக் கொன்றவள் என்று உன்னைச் சொன்ன அதே வாய். நீ அன்று போனில் எப்படி அழுதாய் என்பது எனக்கு இன்னும் கேட்கிறது. ஜூலையில் வருகிறேன், நேரில் அவர் வாயால் ஒருமுறை கேட்டால் போதும் என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பிப்ரவரியில் மெல்போர்னுக்குக் கூட்டிப் போனேன். வலிக்கென்றே தனியாக ஒரு டாக்டர், ஆல்டர்ட்டன் என்று பெயர், மென்மையாகப் பேசுகிற பையன். மார்ஃபினை இன்னும் ஏற்றலாம், ஆனால் நாள் முழுக்கத் தூங்குவார் என்றார். முதுகுத்தண்டுக்குள் மெல்லிய குழாய் வைத்து இடுப்பில் ஒரு பம்பு மாட்டலாம், அது பிறகு பார்க்கலாம் என்றார். இப்போதைக்கு வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற நரம்புக் கொத்தில் நீளமான ஊசியை இறக்கிச் சாராயத்தைச் செலுத்தினால் நரம்பு எரிந்துபோகும், வலிச் செய்தி மூளைக்குப் போகாது, சில மாதம் தாங்கும், வலி திரும்ப ஆரம்பித்தால் காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள், மறுபடி செய்து பார்க்கலாம் என்றார். குப்புறப் படுக்கவைத்து, படம் பார்த்துக்கொண்டே செய்தார்கள். வாழ்நாள் முழுக்க வாய் வழியாக ஊற்றியதில் வராத நிம்மதி உன் அப்பாவுக்கு முதுகு வழியாக ஊற்றியதில் வந்தது. எழுந்தால் ரெண்டு நாள் தலை சுற்றியது, வயிற்றுப்போக்கு இருந்தது, பிறகு அதுவும் நின்றது. மார்ஃபின் பாதியானது. காரில் வரும்போதே ஆட்டிறைச்சி அடைத்த பலகாரம் ரெண்டு தின்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே உன் அப்பா பழைய மெர்வின் ஆகிவிட்டார். குழம்பு ஆறிப்போச்சு, அடுப்புக்கு விறகு ஈரம், நான் நடக்கிற சத்தம் பிடிக்கவில்லை. பெரில் ஸ்பாஞ்சு கேக் கொண்டுவந்தாள், பாவம், "இதை முழுங்கணும்னா எனக்கு இன்னொரு ஊசி போடணும்" என்று அவளிடமே சொன்னார், அவள் அதற்கப்புறம் வாசலோடு போய்விடுகிறாள். நீ வரப்போவதைச் சொன்னேன். வரட்டுமே என்றார். நீ எதைக் கேட்க வருகிறாய் என்றும் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி. "நானா சொன்னேன்? மருந்து மயக்கத்துல ஆயிரம் உளறியிருப்பேன். கேட்டைத் தெறந்தது அவதான். மன்னிப்பு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தான்னா டிக்கெட் தண்டம்னு சொல்லு." சொல்லிவிட்டுக் குதிரைப் பந்தயம் கேட்க ரேடியோவைத் திருகினார். எனக்கு அந்த ரேடியோவாலேயே அவர் மண்டையில் போடலாம் போல இருந்தது.

பெரில் வீட்டிலிருந்து டாக்டரிடம் போனில் கேட்டேன், எது நிஜம் என்று. அந்த அளவு வலியில் இருப்பவர்கள் யாராவது பக்கத்தில் வந்து இருந்தால் போதும் என்று எதையும் சொல்வார்கள் அம்மா, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்றார். அவருக்கு வலியைத் தெரியும், மெர்வினைத் தெரியாது. இந்த மனுஷன் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதற்காகத் தன் தப்பை ஒப்புக்கொள்கிறவர் இல்லை, வேறு வழியே இல்லாமல் போனால்தான் ஒப்புக்கொள்வார். அதனால் ஜனவரியில் சொன்னதுதான் நிஜம், நீ நம்பலாம்.

இப்போது கேள். போன வாரத்திலிருந்து வலி திரும்ப வந்திருக்கிறது. முதலில் மறைத்தார், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வாயு என்பார். புதன்கிழமை ரேடியோவை அவரே அணைத்தார். வெள்ளிக்கிழமை, "நோரீன், அந்த டாக்டர் பையனுக்குக் கொஞ்சம் போன் போடேன்மா" என்றார். இப்படி 'மா' சேர்த்து என்னை அவர் கூப்பிட்டதே கிடையாது. நேற்று நான் போர்வை மாற்றும்போது உனக்கு எழுதினேனா, எப்போ வருகிறாய் என்று கேட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை, வரும் என்று காத்துப் பார்த்தேன்.

பெரில் வீட்டிலிருந்து டாக்டருக்குப் போன் செய்தேன் என்றும் மெல்போர்னில் ஜூலைவரை இடமில்லையாம் என்றும் சொல்லியிருக்கிறேன். நான் போன் செய்யவே இல்லை. மார்ஃபினைக் கூட்டவும் சொல்லவில்லை, கூட்டினால் மயக்கத்தில் உளறினேன் என்று மறுபடி ஆரம்பிப்பார். இந்த முறை தெளிவாக இருந்து சொல்லட்டும்.

ஜூலைவரை காத்திருக்காதே, டிக்கெட்டை முன்னுக்கு மாற்று. நல்ல கோட்டு எடுத்துக்கொள், பிள்ளைகளைக் கூட்டி வராதே, விஸ்கி வாங்கி வராதே. மாப்பிள்ளையிடம் எதைச் சொல்வது என்பது உன் இஷ்டம். இது உன் கைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அது தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். வேண்டாம் அம்மா, அவருக்கு ஊசி போடச் சொல் என்று உனக்குத் தோன்றினால் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல், அந்த நிமிஷமே டாக்டருக்குப் போன் செய்கிறேன். அதுவரை என்னால் முடிவெடுக்க முடியாது, இது உனக்குச் சேர வேண்டியது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும், நான் கடவுளிடம் இப்போதெல்லாம் அதை மட்டும்தான் கேட்கிறேன். கூப்பிடும்போது அவர் எடுத்தால் பேசாமல் வைத்துவிடு. வலியில் போனிலேயே சொல்லிவிடப் பார்ப்பார், விடாதே.

அன்புடன்,
உன் அம்மா
நோரீன்